பாதிச் செபம்

அவர் செபத்தைப் பாதியில் நிறுத்துவார். செபமாலை சொல்லும்போது மாதாவை நோக்கிச் சொல்லும் அருள்நிறைந்த மந்திரத்தின் முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்ற எல்லோரும் சேர்ந்து சொல்வது எங்கள் கோயில் வழக்கம். எல்லா ஊரிலும் அப்படித்தான். ஆனால் எதிரே ஒரு குஞ்சு குருமான்கூட இல்லாவிட்டாலும் எங்கள் உபதேசியார் முன்பாதியோடு நிறுத்திவிடுவார். மற்றவர்கள் பின்பாதியைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். பிறகு அடுத்த முன்பாதி. வெறுங்கோயிலில், வெறுங்கடற்கரையில், ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில் அவருடைய குரல் எழும்பி, நடுவழியில் நின்றுவிடும். அந்த இடைவெளிக்கு எனக்குப் பயம். அவர் செத்து எத்தனையோ வருடமாகிவிட்டது. இன்றைக்கும் யாராவது மந்திரம் சொல்லும்போது பாதியில் மூச்சு வாங்கினால் என் கை பக்கத்திலிருக்கும் எதையாவது பிடித்துக்கொள்கிறது.

பூசை வைக்கும் சுவாமியார் வராத நாட்களில் கோயிலைத் திறந்து செபம் நடத்துவதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பதும், சாகக் கிடப்பவர்களின் தலைமாட்டில் இருப்பதும் உபதேசியாரின் வேலை. அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். நாங்கள் யாரும் அதைச் சொன்னதில்லை. அந்தக் காலத்தில் பெயர் சொல்லாமல் இருப்பது ஒரு பாதுகாப்பாகவும் இருந்தது. காம்ப்பில் சீருடையோடு இருந்தவர்களை 'அவங்கள்' என்போம். கடலுக்கு அங்கால் காட்டுப் பக்கம் துவக்கும் தோட்டாவுமாய்த் திரிந்தவர்களை 'மற்றவங்கள்' என்போம். அதற்கு மேல் ஒரு சொல் சொல்ல எங்களுக்குப் பயம். பக்கத்து முஸ்லிம் ஊரான எருக்கலம்பிட்டியில் சனமெல்லாம் விரட்டப்பட்டுப் போய், வீடுகள் கதவு திறந்தபடி வெறுமையாய்க் கிடந்த வருடங்கள் அவை. ஒரு ஊரே ஒரேயடியாக எழும்பிப் போகலாம் என்று கண்ணால் கண்ட பிறகு, எங்களுக்கு எதுவும் நடக்காது என்று நம்ப எங்களால் முடியவில்லை.

உபதேசியார் ஆள் மெலிவு. கழுத்துப் பட்டி தேய்ந்த வெள்ளைச் சட்டை, சாரம், தோளில் ஒரு சால்வை. முழங்கால் இரண்டும் காய்த்துக் கறுத்திருக்கும். தொண்டை கட்டாமல் இருக்க ஒரு துண்டு பனங்கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருப்பார். அதனால் அவர் எப்போதும் எதையோ சொல்ல வந்து அடக்கிக்கொண்டிருப்பவர் மாதிரித் தெரிவார். கரைவலைக்காரர் அவரைப் பகிடி பண்ணுவார்கள். "உபதேசியார் செபமாலை தொடங்கிட்டார், அறுக்குளாவை வெட்டிக் காயப்போடுங்கோ, முடிக்கேக்க கருவாடாய் எடுக்கலாம்" என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஒரு மணியைக்கூட வேகமாக உருட்டமாட்டார்.

அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை ஒன்று இருந்தது. "ஆண்டவர் வேலை செய்யேக்க வெளிச்சத்தை மறைச்சுக்கொண்டு நிக்காதேங்கோ." கிழிந்த வலையைப் பொத்துகிறவனுக்கு முன்னால் யாராவது வந்து நின்றால் அவன் எரிச்சலோடு கையைக் காட்டி விலகச் சொல்வானே, அதைப்போல் கையைக் காட்டிக்கொண்டு சொல்வார். அவசரப்படுகிறவர்கள் எல்லோரும் அவர் கணக்கில் வெளிச்சத்தை மறைப்பவர்கள். அந்தக் கூட்டத்துக்கு நான்தான் தலைவி. சங்கக்கடையில் எனக்கு வேலை. மாவும் சீனியும் நிறுக்கும்போது தராசு முள் ஆடி நிற்கும்வரை பொறுக்கவே என்னால் முடியாது.

இலுப்பைக்கடவைக்குப் போகிற ரோட்டில், வயல் செய்கிறவர்கள் இருந்த ஒரு சின்னக் கிராமத்தில், இரண்டு கத்தோலிக்கக் குடும்பங்களுக்காகப் பழைய சுவாமியார் ஒரு ஓலைக் கொட்டில் போடுவித்து, உபதேசியாரைக் கிழமைக்கு ஒருதரம் போய்ச் செபம் நடத்தச் சொல்லியிருந்தார். கொஞ்சக் காலத்தில் அந்த இரண்டு குடும்பங்களும் வேறு இடத்துக்குப் போய்விட்டன. சுவாமியாரும் மாறிப் போனார். போகவேண்டாம் என்று ஒருவரும் சொல்லாததால் இவர் தொடர்ந்து போனார். பஸ்ஸில் போய், கொட்டிலைக் கூட்டி, முழந்தாளில் நின்று முன்பாதியைச் சொல்லி, காத்திருந்து, மறுபடி முன்பாதியைச் சொல்லி, பின்னேர பஸ்ஸில் திரும்பி வருவார். வருடக் கணக்கில் அப்படி. அந்த ஊர்ச் சைவச் சனங்கள் அவரை ஒன்றும் சொல்லவில்லை. தலையில் ஏதோ தட்டியிருக்கிறது என்று நினைத்து மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

ஒருநாள் எருமை தேடி வந்த ஒரு மனுசி கொட்டில் வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். கேட்கக் கேட்க அவளுக்கு மூச்சு முட்டியிருக்கிறது.

"என்ன ஐயா, பாதியில விக்கிக்கொண்டு நிக்கிறியள்? மிச்சத்தையும் சொல்லிப்போடுங்கோவன்."

"மிச்சம் என்ரையில்லை, அம்மா."

"அப்ப ஆரின்ரை?"

"ஆர் வந்து சொல்லினமோ, அவையின்ரை."

மனுசி அதைச் சொல்லித் தரச் சொல்லிக் கேட்டு, ஒருதரம் சொல்லிவிட்டு, எருமையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். பிறகு எருமை வேலையில் ஒழிவு கிடைத்த நாட்களில் வந்து பதில் சொன்னாள். பிள்ளையார் கோயிலுக்கும் வழக்கம்போலப் போய்வந்தாள். புதுச் சுவாமியார் இதைக் கேள்விப்பட்டு, "அந்த அம்மா வேதத்தில சேர்ந்திட்டாவோ?" என்று கேட்டாராம். "சேரேல்லை, சுவாமி. பதில் சொன்னா" என்று உபதேசியார் சொன்னாராம். ஒரு நாட்டையே பிடித்தவர் மாதிரி இந்தக் கதையை அவர் எங்களிடம் சொல்வார். ஒரு எருமைக்காரிக்காக இத்தனை வருடமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் கோபத்துக்குக் காரணம் எருமையில்லை, என் அப்பா. நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் அப்பாவின் வள்ளம் புயலில் அகப்பட்டது. உபதேசியார் கரையில் நின்று கடலைப் பார்த்து முன்பாதியைச் சொல்ல, பெண்கள் எல்லோரும் அழுதுகொண்டே பின்பாதியைச் சொன்னார்கள். காற்று அவருடைய சால்வையை முகத்தில் அடித்தது. அவர் அதை விலக்கவில்லை. இரவு விடிந்தது, இன்னொரு இரவும் விடிந்தது. சில பலகைத் துண்டுகள்தான் கரைக்கு வந்தன. வெறும் சவப்பெட்டியை வைத்துப் பூசை முடிந்த பிறகு நான் அவரிடம் போய், "உங்கட ஆண்டவர் என்ன வேலை செய்தவர்?" என்று கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். அவர் தடுத்தார். "எனக்குத் தெரியேல்லை, மகள். நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார் என்று பிறகு தெரிந்தது. முடிந்துபோன ஒன்றுக்கு இன்னும் பதில் வரும் என்று காத்திருக்கிற மனிதரைப் பார்த்தால் ஒரு சிறுபிள்ளைக்குப் பயமாகத்தான் இருக்கும். அந்தப் பயம் என்னோடு சேர்ந்து வளர்ந்தது.

எங்கள் கரையிலிருந்து பெரிய ரோட்டுக்குப் போகும் வழியில் மூடிக்கிடந்த ஐஸ் பக்டறியில்தான் காம்ப் போட்டிருந்தார்கள். ஒருநாள் காலை சுற்றிவளைப்பு. ஆம்பிளைகள் எல்லோரையும் கோயில் வளவில் வரிசையாக இருத்தினார்கள். சாக்கால் முகத்தை மூடிய ஒருவனை வாகனத்திலிருந்து இறக்கி ஒவ்வொருவர் முன்னாலும் நடத்திக்கொண்டு போனார்கள். தலையாட்டி என்போம்; அவன் யார் முன்னால் தலையாட்டினாலும் அந்த ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். அந்தச் சாக்கில் இரண்டு ஓட்டைகள். என் தம்பி யூட்டின் முன்னால் வந்ததும் சாக்கு மேலும் கீழும் ஆடியது. ஏன் ஆடியது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. யூட் அப்பாவுக்குப் பிறகு கடலுக்குப் போய்க் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டவன். வலையும் எஞ்சினும் தவிர வேறு ஒன்றும் தெரியாதவன். வாகனத்தில் ஏறும்போது, சாப்பாட்டுக்கு வரமாட்டேன் என்பது போல ஒரு பார்வை பார்த்தான். அவ்வளவுதான்.

சுவாமியார் காம்ப்புக்குப் போய்க் கேட்டார். அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றார்கள். இருக்கிறான், விடமாட்டோம் என்று சொல்லியிருந்தால்கூட அழுதுவிட்டுப் படுத்திருப்போம். இல்லை என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா அடுப்புக்கு முன்னால் அப்படியே குந்திவிட்டாள். இல்லை என்று சொல்லப்பட்டவர்கள் திரும்பி வந்ததை எங்கள் கரை அதுவரை பார்த்ததில்லை.

அன்று பின்னேரம் உபதேசியார் வீட்டுக்கு வந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கதிரையில் உட்கார்ந்து, பனங்கட்டியை மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு அம்மாவிடம் கேட்டார்.

"யூட் செபமாலைக்கு எப்பிடிப் பதில் சொல்லுறவன்? வாய் திறந்து சொல்லுவானோ, முணுமுணுக்கிறவனோ?"

அம்மா விழித்தாள். "சத்தமாத்தான் சொல்லுவான், உபதேசியார்."

"அப்ப சரி" என்று எழும்பிப் போய்விட்டார். எனக்கு விளங்கவில்லை. அடுத்த நாள் மத்தியானம் ஐஸ் பக்டறிக்கு எதிரே, ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற உடைமரத்தின் கீழ் அவர் சால்வையை விரித்து உட்கார்ந்திருந்தார் என்று கடைக்கு வந்த சனம் சொன்னபோதுதான் விளங்கியது.

நான் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். காவலுக்கு நின்ற சென்ட்ரியின் துவக்கு அவர் பக்கம் திரும்பியிருந்தது. ரோட்டால் போகிறவர்கள் இறங்கி மணலுக்குள்ளால் சுற்றிப் போனார்கள். அவர் பக்டறிச் சுவரைப் பார்த்தபடி, கோயிலில் சொல்லும் அதே குரலில் முன்பாதியைச் சொல்லி நிறுத்தினார். காத்திருந்தார். சுவரில் ஒரு காகம் இருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அந்த மந்திரத்தின் பின்பாதியில்தான் எங்கள் மரண நேரம் என்ற சொல் வருகிறது. அவர் சொல்லாமல் விடுகிற பாதி அது. அந்த வெறுமையில் எனக்குள் அந்தச் சொல் மட்டும் கேட்டது. நான் கிட்டப் போகவில்லை.

பின்னேரம் அவர் திரும்பி வரும் வழியில் மறித்துக் கெஞ்சினேன். "உபதேசியார், இருக்கிறதெண்டால் இருங்கோ. மற்றப் பாதியையும் நீங்களே சொல்லிப்போடுங்கோவன். உங்களுக்கென்ன நட்டம்? பாதியில நிண்டால் அவங்கள் என்ன நினைப்பாங்கள்?"

"முழுக்க நானே சொன்னால் அது செபமில்லை, மகள். நான் தனியக் கதைக்கிறது."

"உள்ளுக்க அவன் இல்லாட்டி?"

"இருந்தால்?" என்றார்.

தினமும் போனார். வெயில் ஏறின ஒருநாள் சென்ட்ரிக்காரன் ஒருத்தன் ரோட்டைக் கடந்து வந்து ஒரு போத்தல் தண்ணீர் கொடுக்க, இவர் வாங்கிக் குடித்துவிட்டார். தண்ணீர் குடித்த கதை அன்று பொழுதுபடுமுன் கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து, முகம் தெரியாத ஒரு பெடியன் கடைக்கு வந்து ஒரு நெருப்புப்பெட்டி வாங்கினான். வாங்கிவிட்டுப் போகாமல் நின்றான்.

"உங்கட உபதேசியார் அங்க இருந்து ஆருக்கு என்ன சொல்லுறார், அக்கா?"

"செபம் சொல்லுறார், தம்பி."

"காம்ப்பில தண்ணி குடுக்கிற அளவுக்குச் சினேகிதமோ? கவனமா இருக்கச் சொல்லுங்கோ."

அவன் போனவுடன் கடையைச் சாத்தினேன். அவங்களுக்குப் பயந்துகொண்டிருந்த எனக்கு இப்போது மற்றவங்களுக்கும் பயப்பட வேண்டி வந்தது. ஓடிப்போய் உபதேசியாரிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "அவைக்கும் நேரமிருந்தால் வந்து பதில் சொல்லலாம்" என்றார். வயதுக்கு மரியாதை கொடுத்துத்தான் நான் அவரைப் பிடித்து உலுக்கவில்லை.

கடைசியில் நான் பயந்ததே நடந்தது. நான் கடை பூட்டிச் சைக்கிளில் வரும்போது, இரண்டு பேர் அவரை முழங்கையில் பிடித்துக் காம்ப் படலைக்குள் கொண்டுபோவதைக் கண்டேன். சால்வை மரத்தடியில் கிடந்தது. கருவாடு காயப்போடும் பந்தல்களுக்குப் பக்கத்தில் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன். முன்னாலும் போகமுடியவில்லை, பின்னாலும் போகமுடியவில்லை. தொடை நனைந்துபோனதை வெகுநேரத்துக்குப் பிறகுதான் கவனித்தேன். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தாலாவது உயிரோடு இருக்கிறார் என்று தெரியும். சத்தமே வரவில்லை.

வெயில் மஞ்சளாகும் நேரம் படலை திறந்து அவரை வெளியே தள்ளினார்கள். மேலுதடு வெடித்திருந்தது. சால்வையை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாக என்னிடம் வந்தார்.

"சைக்கிளை உருட்டு, பிள்ளை. நான் பிடிச்சுக்கொண்டு வாறன். கால் ஏலாமல் கிடக்கு."

வழியில்தான் சொன்னார். இவ்வளவு நாளும் அவங்கள் இவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டு, இது உள்ளே இருப்பவர்களுக்கு அனுப்புகிற இரகசியச் சேதி என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் ஒரு மனிதன் ஏன் பாதியைச் சொல்லிவிட்டு நிற்க வேண்டும்? காம்ப்புக்குப் பெரியவன் மொழிபெயர்க்க ஒருவனை வைத்துக்கொண்டு, மற்றப் பாதி எங்கே என்று கேட்டிருக்கிறான்.

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"உள்ளதைத்தான் சொன்னன். மற்றப் பாதி என்னட்டை இல்லை, உள்ளுக்க இருக்கிற பிள்ளையளிட்டைத்தான் இருக்கு எண்டன்."

"ஐயோ, உபதேசியார்!"

"அதுதானே உண்மை, மகள்? அதுக்குப் பிறகுதான் அடிச்சவங்கள்."

நான் சைக்கிளை அந்த இடத்திலேயே போட்டுவிட்டு ஓவென்று அழுதேன். எங்கள் ஆட்களில் சின்னப்பிள்ளைக்கும் அந்தப் பதிலின் அர்த்தம் தெரியும். வேறு யார் கேட்டாலும் அது ஒரு ஒப்புதல் வாக்குமூலம். அவருக்கோ தான் சொன்னதில் என்ன பிழை என்று கடைசிவரை பிடிபடவில்லை.

அவரை விட்டதற்குக் காரணம் தேத்தண்ணி கொண்டுவந்த ஒருவன். நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களப் பெடியன், கழுத்தில் மாதா பதக்கம் தொங்கியதாம். மொழிபெயர்த்தவன் முன்பாதியைச் சிங்களத்தில் சொல்லிக் காட்டியபோது, கதவடியில் நின்ற அவனுடைய வாய் தன்பாட்டில் பின்பாதியைச் சொல்லி முடித்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்க்க, அவன் தேத்தண்ணியைச் சிந்திவிட்டான். பெரியவன் அவனைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டிருக்கிறான்.

"பதில் வந்தது, மகள்" என்றார் உபதேசியார். வெடித்த உதட்டோடு சிரித்தார். "சிங்களத்தில வந்தது. எண்டாலும் பதில்தானே? இன்னொண்டு. அங்க ஒருத்தரும் இல்லையெண்டுதானே சுவாமிக்குச் சொன்னவங்கள்? இல்லாத ஆக்களுக்கு நான் சேதி அனுப்பேலாதெல்லோ?"

அந்த ஒரு வார்த்தையில் என் தம்பிக்கு உயிர் திரும்பி வந்துவிட்டது. வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அன்றைக்குத்தான் அடுப்பு மூட்டினாள். ஆனால் இருக்கிறான் என்றால், அவனுக்கு என்னவும் நடக்கலாம் என்பதும் சேர்ந்து வந்தது.

அடுத்த நாள் உபதேசியாருக்குக் காய்ச்சல். எழும்ப முடியவில்லை. மரத்தடி வெறுமையாய்க் கிடந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு அன்று ஒரு நாள்தான் மூச்சு ஒழுங்காக வந்தது. அதற்கடுத்த நாள் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு மறுபடியும் போய்விட்டார்.

யூட்டை ஒரு காலையில் விட்டார்கள். பிடித்ததற்குச் சொல்லாத காரணத்தை விட்டதற்கும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் படலையடியில் யாரோ பிச்சைக்காரன் நிற்கிறான் என்று நான் சில்லறை எடுக்க உள்ளே போனேன். அம்மாதான் நடையை வைத்து அடையாளம் கண்டாள். அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். சிரித்தோம், அழுதோம், அயலட்டைச் சனமெல்லாம் வந்து நின்று பார்த்தது. சந்தோஷத்தில் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. ஆனால் யூட் கதவை மூடவிடவில்லை. முதுகைச் சுவரில் வைத்துத்தான் இருந்தான். கிணற்றில் வாளி விழுந்த சத்தத்துக்கு மேசைக்குக் கீழே போய்விட்டான்.

அடுத்த நாள், காம்ப்புக்குப் போகும் வழியில் உபதேசியார் அவனைப் பார்க்க வந்தார். அவரைக் கண்டதும் யூட் எழும்பிக் கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அவர் கையைப் பிடித்து இருத்தினார். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"நீங்கள் வெளியில இருந்து சொல்லுறது எங்களுக்குக் கேட்டது, உபதேசியார்."

கிழவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டதோ? நல்லாக் கேட்டதோ?"

"கேட்டது. நீங்கள் தொடங்கினவுடன எங்களுக்கு அடி விழும்."

அவர் விளங்காதவர் போல அவனைப் பார்த்தார்.

"உள்ளுக்க இருந்து பதில் சொல்லுறது ஆரெண்டு பிடிக்கிறதுக்கு. ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. அதால எல்லாருக்கும் அடி. அந்தத் தேத்தண்ணிக்காரன் சொன்னதைப் பெரியவன் நம்பினான் போல. அவனுக்குக் கீழ இருந்தவங்கள் நம்பேல்லை. பிறகும் அடிச்சவங்கள்."

உபதேசியாரின் முகத்தில் இரத்தமே இல்லை. செபமாலையை மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். கழற்றி வைத்துவிட்டுப் போகிற பொருள் மாதிரி வைத்தார். "நான்தான் வெளிச்சத்தை மறைச்சுப்போட்டன்" என்றார். "இவ்வளவு நாளும் நான்தான் மறைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன். இனிப் போகேல்லை, தம்பி. என்னை மன்னிச்சுக்கொள்ளு."

எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அப்பாவின் வெறும் பெட்டிக்கு முன்னாலும் அசையாமல் நின்ற மனிதர் அவர். அவரே விட்டுவிட்டார் என்றால் இனி எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று எனக்குக் குலைநடுக்கம் எடுத்தது. துவக்கைக் கண்டபோதுகூட அப்படி நடுங்கவில்லை.

யூட் இல்லையென்று தலையை ஆட்டினான். "ஒருநாள் நீங்கள் வரேல்லை."

"ஓம். காய்ச்சலாக் கிடந்தன்."

"அண்டைக்கு அடி விழேல்லை. சும்மா விட்டாங்கள். ஆனா அண்டைக்குத்தான் ஒருத்தன் குழறி அழத் தொடங்கினவன். உபதேசியாரை முடிச்சுப்போட்டாங்கள், இனி எங்களைத் தேடி ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு. ஒருத்தரும் சாப்பிடேல்லை. அடுத்த நாள் உங்கட சத்தம் கேட்டவுடன, அடி விழப்போகுது எண்டு தெரியும், எண்டாலும் எல்லாரும் சுவரில காதை வைச்சுக்கொண்டு இருந்தம்."

பிறகு உபதேசியார் கேட்டார். அவர் ஒரு மனிதனிடம் அப்படிக் கேட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அப்ப நான் என்ன செய்யிறது, தம்பி? போனால் அடி. போகாட்டி உள்ளுக்க இருக்கிற பிள்ளையள் செத்துப்போவினம். நீ சொல்லு."

"தனியப் போகாதேங்கோ" என்றான் யூட். "பக்கத்தில ஒராள் இருந்து மற்றப் பாதியைச் சத்தமாச் சொன்னால், செபம் வெளியிலேயே முடிஞ்சுபோகும். பிறகு உள்ளுக்க ஆர் பதில் சொல்லுறது எண்டு அவங்கள் தேடத் தேவையில்லை."

இவ்வளவு சின்ன விஷயம். இத்தனை நாளும் எங்கள் கரையில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் யார் போய் இருந்திருப்பார்கள்? அம்மா நிலத்தைப் பார்த்தாள். யூட் எழும்பிக் கொடியில் கிடந்த சட்டையை எடுத்தான். ஒரு கையைச் சட்டைக்குள் விட்டான். மறு கை மேலே எழும்பாததால் சட்டை பாதியில் நின்றது.

"எங்கை போறாய்?" அம்மாவின் குரல் கிறீச்சிட்டது.

"உள்ளுக்க இன்னும் ஆக்கள் இருக்கினம், அம்மா."

அவனை மறுபடி அந்த மரத்தடியில் கண்டால் என்ன செய்வாங்கள் என்று எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். நான் போய் அந்தச் சட்டையை அவன் கையிலிருந்து இழுத்து எடுத்தேன்.

"நீ இரு. நான் போறன்."

"அக்கா, உனக்கென்ன விசரோ?"

"வாயை மூடு."

தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். என்னிடம் அப்படி ஒன்று அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அவன் போய்விடுவான் என்ற பயம் மற்றப் பயங்களைவிடப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். மேசையிலிருந்த செபமாலையை எடுத்து உபதேசியாரின் கையில் வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டேன். அம்மா என்னைத் தடுக்கவில்லை. யூட்டின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வழி முழுக்க அவர் ஒன்றும் பேசவில்லை. மரத்தடியில் சால்வையை விரித்து, பாதியை எனக்கு விட்டு ஒதுங்கி இருந்தார். ரோட்டுக்கு அங்கால் சென்ட்ரிக்காரன் புது ஆள் ஒருத்தி வந்திருப்பதைக் கண்டு எழும்பினான். துவக்கின் வாய் அவரிடமிருந்து நகர்ந்து என்னிடம் வந்து நின்றது. எனக்குப் பின்பாதியின் ஒரு சொல்லும் ஞாபகத்தில் இல்லை.

"எனக்குப் பயமாக்கிடக்கு, உபதேசியார்."

"எனக்கும்தான், மகள்" என்றார் அவர். "முதல் நாளிலயிருந்து."

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.